ரயில் வரைந்த நான்கு பிரேம்

ஹைகிரவுண்டில் மூடிப்போன ஸ்கேன் சென்டரிலிருந்து
முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய விளக்குப்பெட்டி.
யார் யாருடைய விலா எலும்புகளோ
ஒளிர்ந்துவிட்டுப் போன இடம்.
அதன்மேல் ஜன்னல் கண்ணாடி,
கண்ணாடியின்மேல் ஒரு கிலோ தேரி மண்.
சிவப்பு, என்ன சிவப்பு என்று
நாசரேத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
அடியில் வெளிச்சம் போட்டால்
எந்த மண்ணும் கறுப்புதான்.
முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

சுவரில் அவர்கள் முகங்கள் கிடையாது.
அச்செடுத்து ஒட்டியது கைகளை மட்டும்.

ஒருவர் கேமராவே வைத்துக்கொள்ளவில்லை.
பிலிம் சுருளை மேசையில் விரித்து
ஊசியால் கீறினார்; கீறல் குதித்தது.
எங்கள் கல்லூரியில் பிலிம் ஏது?
நான் கீறிப் பார்த்தது
யாரோ விட்டுப்போன முழங்கால் எக்ஸ்ரேயில்.

ஒரு பட்டறையில் ஒரே பொம்மைக்கு
இழுப்பறை நிறைய வாய்கள்.
ஆவுக்கு ஒன்று, ஓவுக்கு ஒன்று, மூடியது ஒன்று.
"வாரியாட்டி" என்று கூப்பிட
நாக்கு மேலண்ணத்தில் போய் மடங்க வேண்டுமே,
அதற்கு எந்த இழுப்பறை?

கண்ணாடியில் எண்ணெய்ச் சாயத்தை
விரல்நுனியால் இழுக்கும் ஒருத்தி.
அடுத்த படம் வேண்டுமென்றால்
இந்தப் படத்தைத் துடைத்தாக வேண்டும்.
ஐந்து நிமிடப் படம் முடிந்தபோது
அவளிடம் மிச்சமிருந்தது
அழுக்கான ஒரு கண்ணாடி.
இவள் பின்னால்தான் போகிறேன், பயந்து பயந்து.

பிறகு அந்த ஸ்டுடியோ.
ஒருவன் செருப்பு வாரை மாட்டி முடிக்கும்வரை
கதையை வெளியே நிறுத்திவைத்தவர்கள்.
அறுபது தாள் அதற்கு.

அதனால்தான் என் படத்தில்
கேட் போட்டிருக்கிறது.
குலவணிகர்புரம் கேட்.
ஸ்கூட்டியில் ஒருத்தி.
இன்ஜினை அணைக்கிறாள். இடது காலை ஊன்றுகிறாள்.
முன்னால் தொங்கும் பையில்
முருங்கைக்காய் லேசாக ஆடுகிறது.
அவ்வளவுதான் கதை. ரயில் வராது.
உள்ளதைச் சொன்னால் எனக்கு ரயில் வரையத் தெரியாது,
ஜன்னல்களை எண்ணுவதற்குள் ஓடிவிடுகிறது.

நொடிக்குப் பன்னிரண்டு.
பஞ்சுக்குச்சியால் ஒரு மயிரிழை நகர்த்தி, சொடுக்கி,
நகர்த்தி, சொடுக்கி,
எண்பத்தி ஏழுக்கு வரும்போது விடிந்துவிட்டது.
ஃபேன் போடக் கூடாது. தும்மக் கூடாது.
நைட் டூட்டி முடிந்து வந்த சாரோன்
கதவைத் தட்டாமல் வெளியில் நின்று
போனில் அழைத்தாள்:
"ஏட்டி பிரம்மசக்தி, மூச்சு விடலாமா?"

அப்போதுதான் நாகர்கோவில் வண்டி போனது.
தினமும் போகிற வண்டிதான்.
எங்கள் சுவருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில்
ஒரு புளியமரம், ஒரு பரோட்டா கடை.
கண்ணாடி நடுங்கியது.
ஸ்கூட்டியின் ஓரம் உதிர்ந்தது, அவள் தோள் கலைந்தது,
நெற்றிக்கு மேலே மண்
வரிவரியாக எழுந்து நின்றது.
எனக்கு அழுகை வந்தது.
விரல் மட்டும் பழக்கதோஷத்தில்
சொடுக்கிக்கொண்டே இருந்தது:
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
பிறகு வண்டியில்லை.

தோசைப் பார்சலைப் பிரித்துவைத்துக்கொண்டு
ஓட்டிப் பார்த்தோம்.
கால் ஊன்றுகிறாள்.
முருங்கைக்காய் ஆடுகிறது, ஆடுகிறது,
எண்பத்தி எட்டில்
தரை அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறது.
அவளும் ரயிலைப் பார்த்துவிட்டாள் போல இருந்தது.

சாரோன் விரலில் சட்னியை வழித்தபடி,
"இந்த எடம் மட்டும் நீ போட்டதில்லையோ?
நல்லாருக்கு" என்றாள்.

எட்டு மணிக்குத் தூங்கிப்போனாள்.
நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கடைசிக் கைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.
ஒட்டலாமென்றால்
அதற்குக் கை இல்லை.

நாளைக்கும் ஏழு பத்துக்கு வரும்,
லேட் இல்லையென்றால்.
மண்ணைச் சலித்து வைத்திருக்கிறேன்.